மழைக்காலத்தில் காரைக் கையால் கழுவுவது: மலைநாட்டு வாகனக்காரர்களுக்கான வழிமுறை

மழை விடட்டும், பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று காரை அப்படியே நிறுத்தி வைப்பது மலைநாட்டில் பலருக்கும் உள்ள வழக்கம். ஆனால் வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவு ஊர்களில் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துக்கொண்டால், செப்டெம்பர் வரைக்கும் வெயில் நன்றாகக் காயும் நாட்களை நம்பியிருக்க முடியாது. கிழக்குப் பக்கத்தில் பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதிகளுக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி அதே நிலைமையைக் கொண்டுவருகிறது. அத்தனை மாதங்களும் கழுவாமல் விடப்படும் காரில் சேறு மட்கார்ட்டுக்குள் அப்பிக்கொள்கிறது. கதவுகளின் அடிவிளிம்பில் ஈரம் தேங்குகிறது. துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே கார் அதிகக் கவனத்தோடு கழுவப்பட வேண்டிய காலம் மழைக்காலமே என்பது என் உறுதியான கருத்து. முறையறிந்து செய்தால் மழை அதற்குத் தடையாக இராது, துணையாகவே இருக்கும்.

எவ்வளவு கனத்த மழை பெய்தாலும் மழையால் மட்டும் கார் சுத்தமாவதில்லை. வீதியிலிருந்து டயர்கள் வாரியெறியும் நீரில் களிமண்ணும், டயர் தேய்ந்த தூளும், ஏற்றத்தில் முதலாம் கியரில் ஏறும் பஸ்களும் கொழுந்து லொறிகளும் கக்கும் டீசல் கரியும், தெருவில் சிந்திய எண்ணெயும் கலந்திருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் பெயின்டில் ஒட்டிக்கொள்கின்றன. வெறுந்தண்ணீர் அதன் மேல் வழிந்து போகுமே தவிர அதைக் கரைக்காது. டிக்கிக் கதவு மற்றப் பக்கங்களை விடக் கூடுதலாக அழுக்கடைவதற்கும் காரணம் உண்டு: ஓடும் வாகனத்தின் பின்னால் காற்று சுழல்வதால், டயர் கிளப்பிய சேற்றுத்துளிகள் மீண்டும் வாகனத்தின் மீதே வந்து படிகின்றன. மழையால் நமக்குக் கிடைக்கும் பெரிய உதவி ஒன்றே. அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் தேய்க்க எளிதாவதைப் போல, காய்ந்து இறுகிய சேற்றை அது ஊறவைத்து இளக்கித் தருகிறது. கழுவும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். சேறு இளகியிருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

அந்தச் சேற்றைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் இதன் பின்னர் சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும். நமது மலைகளின் செம்மண், மிகப் பழைய உருமாறிய பாறைகள் காலப்போக்கில் சிதைந்து உண்டானது. பாறையிலிருந்த பல கனிமங்கள் களியாக மாறிவிட, குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் மட்டும் மாறாமல் நுண்ணிய மணலாக அந்தக் களிக்குள் தங்கியிருக்கிறது. அது கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் கொண்டது. காரின் நிறத்துக்கு மேலே பாதுகாப்பாகப் பூசப்பட்டிருக்கும் நிறமற்ற மேற்பூச்சோ, பெரும்பாலும் 0.05 மில்லிமீற்றருக்கு மேற்படாத தடிப்புடையது. சேறு படிந்த பொனட்டை ஈரத்துணியால் ஒரு முறை வட்டமாகத் துடைத்தாலும், வெயில் படும்போது சிலந்தி வலை போலத் தெரியும் அந்தச் சுழற்கீறல்கள் விழுந்துவிடும். எனவே கை படுவதற்கு முன்பே தண்ணீரால் எவ்வளவு மண்ணை இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும். இந்த வேலையின் பாதி இதுதான்.

நேரமும் இடமும்

தூறல் விழும் காலை வேளை காரைக் கழுவ மிக நல்ல நேரமாகும். வெயிலில் கழுவும்போது ஒரு பக்கத்தை அலசுவதற்குள் மறுபக்கத்தில் சோப்பு நுரை காய்ந்து தழும்பாகிவிடும். தூறலில் அந்தத் தொல்லை இல்லை. கொட்டும் மழையில் கழுவுவது பயன் தராது, ஏனெனில் ஷாம்பு பெயின்டில் தங்கி அழுக்கைக் கரைப்பதற்கு முன்பே மழை அதை அடித்துச் சென்றுவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை வருவது இங்கே வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். தூரத்தில் ஓர் இடி கேட்டாலும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்.

மலையில் சமதரையான முற்றம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சரிவில் நிறுத்திக் கழுவ நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. கியரில் விட்டு, தானியங்கி கியர் என்றால் பார்க்கிங்கில் போட்டு, சரிவுப் பக்கமாகச் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். சோப்பு நீர் பட்ட ஈரக் களிமண் வழுக்கும் தரை. ஆகவே சரிவின் கீழ்ப்பக்கத்தில் குனிந்து நின்று கழுவாதீர்கள். பிள்ளைகளையும் அங்கே நிற்க விடாதீர்கள். புல்தரையில் நிற்பவர்கள் அட்டைக் கடியைத் தவிர்க்க நீண்ட சப்பாத்து அணிவது நல்லது.

ஓடையிலோ பீலிக்கரையிலோ காரை இறக்கிக் கழுவும் பழக்கத்தை நான் வன்மையாகவே மறுக்கிறேன். மேலே நாம் விடும் எண்ணெயும் சோப்பும் கீழேயுள்ள லயத்து மக்கள் குளிக்கும், சமைக்கும் தண்ணீரில் போய்ச் சேர்கின்றன. ஹட்டன், மஸ்கெலியாப் பகுதி ஓடைகள் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் கலந்து, அவை இரண்டும் சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பு வரை குடிநீராகப் போகின்றன. வீட்டிலேயே, தண்ணீர் மண்ணில் இறங்கி ஊறக்கூடிய இடத்தில், ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் கழுவினால் போதும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. இறம்பொடை, கினிகத்தேனை, ரதல்ல போன்ற நீண்ட இறக்கங்களில் வந்த கார் வீடு சேரும்போது அதன் பிரேக் தட்டுகள் கடுமையாகச் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டில் குளிர்ந்த மலைத் தண்ணீரை ஊற்றினால் தட்டு கோணிப்போகக் கூடும். பிறகு பிரேக் அழுத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் வெப்பம் தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். அரை மணி நேரம் காத்திருப்பது நல்லது. பொனட்டும் அதற்குள் ஆறிவிடும்.

தேவையான பொருட்கள்

இரண்டு வாளிகள், காருக்கென்றே விற்கப்படும் ஷாம்பு, மைக்ரோபைபரால் ஆன கழுவும் கையுறை ஒன்று, ரிம்முக்கும் மட்கார்ட்டுக்கும் தனியாக ஒரு பழைய துணியும் நீண்ட கைப்பிடித் தூரிகையும், துடைப்பதற்கு இரண்டு மூன்று பெரிய மைக்ரோபைபர் துணிகள் ஆகியவை போதும். பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத் தூளும் வேண்டாம். எண்ணெயை நீக்குவதற்கென்றே செய்யப்பட்ட அவை, பெயின்டின் மேலுள்ள மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும். மழைக்காலத்தில் அந்த மெழுகுதான் காரின் குடை. ஸ்பொஞ்சையும் நான் பரிந்துரைப்பதில்லை. அதன் தட்டையான முகத்தில் சிக்கிய மணல் உள்ளே போக இடமில்லாமல் பெயின்டிலேயே உரசிக்கொண்டிருக்கும். கையுறையின் இழைகளுக்கிடையில் மணல் இறங்கிவிடும்.

தண்ணீர் விடயத்தில் மலைநாட்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் கிணற்று நீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் படியும். நமது ஊற்று நீரும் மழை நீரும் கனிமம் குறைந்த மென்னீர் என்பதால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. மென்னீரில் ஷாம்பு அதிகம் நுரைக்கும் என்பதால், போத்தலில் சொல்லப்பட்ட அளவுக்குச் சற்றுக் குறைவாகவே போடலாம். கூடுதலாகப் போட்டால் அலசி முடிக்க இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டியிருக்கும். ஆனால் கனமழைக்குப் பிறகு தோட்டத்துக் குழாய்களில் கலங்கல் நீர் வரும். அதைக் கொண்டு கழுவுவது மண்ணை மண்ணால் தேய்ப்பதாகும். முதல் நாளே பீப்பாயில் பிடித்துத் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை அள்ளிக்கொள்ளுங்கள். கூரைத் தாழ்வாரத்து மழை நீரைப் பயன்படுத்தலாம்; தகரம் துருப்பிடித்திருந்தால் மட்டும் துணியால் வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

கைகள் விறைக்கும் நுவரெலியாக் குளிரில் வாளியில் சிறிது சுடுநீர் கலப்பது கைக்கும் நல்லது, எண்ணெய்ப் படலமும் விரைவில் இளகும். வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. குளிர்ந்த முன்கண்ணாடியில் கொதிநீர் பட்டால், கல்லடித்த சிறு வெடிப்பு ஏதும் இருந்தால் அது நீளமாகப் பிளந்துவிடும்.

கழுவும் முறை

முதலில் கீழிருந்து தொடங்க வேண்டும். மேலிருந்து கீழே என்ற பொதுவான விதி உடலைக் கழுவும்போதுதான் பொருந்தும்; சேற்றை இறக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், இல்லையேல் சுத்தமாக்கிய கதவில் சக்கரத்துச் சேறு தெறிக்கும். நான்கு மட்கார்ட்டுகளின் உட்புறத்திலும் ஹோஸ் பைப்பின் நீரை மேல்நோக்கிப் பாய்ச்சி, உள்விளிம்பின் மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் களி, வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் பல நாட்கள் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். பெயின்ட் உரிந்து தகடு உப்புவது அந்த மடிப்பில்தான். களியைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டக் கூடாது. தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தள்ளி, மறுபடியும் தண்ணீர் விட வேண்டும். அடுத்து கதவுகளுக்குக் கீழேயுள்ள நீளமான விளிம்பின் அடிப்பகுதி. கதவைத் திறந்து அதன் அடியில் பார்த்தால் சிறிய துளைகள் இரண்டு மூன்று தெரியும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அவ்வழியேதான் வெளியேற வேண்டும். சேறு அடைத்திருந்தால் ஒரு ஈர்க்கினால் மெதுவாகத் திறந்துவிடுங்கள்.

ரிம்களைத் தனித் துணியால் கழுவ வேண்டும். இறக்கங்களில் அடிக்கடி பிரேக் பிடிப்பதால் முன் ரிம்களில் படியும் கரிய தூளில் இரும்புத் துகள்கள் உள்ளன. ஈரத்தில் அவை துருப்பிடித்து ரிம்மில் பழுப்பாகக் கடித்துக்கொள்ளும். அந்தத் துணியோ அந்த வாளித் தண்ணீரோ காரின் உடலைத் தொடக் கூடாது.

பொனட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். கிரவிலியா, சைப்ரஸ் மரங்களின் கீழே நிற்கும் கார்களில் அங்கே இலைச்சருகு மக்கி, தண்ணீர் வடியும் வழியை அடைத்துவிடும். அந்நீர் சில வேளைகளில் காருக்குள் இறங்கி முன் இருக்கைக் கால்மிதியை நனைக்கிறது. கையால் அள்ளியெடுங்கள். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம். அங்கே உள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இப்போது உடலைத் தொடங்கலாம். கூரையிலிருந்து கீழ்வரை ஒரு முறை தண்ணீர் விட்டு, மழை இளக்கியதை வழிந்தோடச் செய்யுங்கள். ஹோஸ் பைப் இல்லாதவர்கள் சிறு குவளையால் கூரையின் விளிம்பிலிருந்து தொடர்ச்சியாக ஊற்றலாம். ஒரே வீச்சாக அள்ளி எறிவதை விட மெதுவாக வழியும் நீரே மண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கும். பிரஷர் வோஷர் வைத்திருப்பவர்கள் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ரப்பர் விளிம்புகளிலும் பெயின்ட் உரிந்த இடங்களிலும் நேராக அடிக்கக் கூடாது.

ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து, கூரையில் ஒரு பகுதியை நேர்கோடாக, அழுத்தாமல் தடவிக் கழுவி, கையுறையை வெறும் நீர் வாளியில் நன்றாக அலசி, அதன் பிறகே மறுபடி ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இதையே செய்ய வேண்டும் என்பது சலிப்பாகத் தோன்றும். ஆனால் வேலை முடிந்த பிறகு அந்த இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருக்கும் செம்மணலைப் பார்த்தால், அது எங்கே உரசியிருக்கக்கூடும் என்பது விளங்கும். கூரை, கண்ணாடிகள், பொனட், கதவுகளின் மேற்பாதி, பின்பக்கம், கடைசியாகக் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும் என்ற ஒழுங்கில் போங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். வெறும் நீர் வாளி செந்நிறமாகிவிட்டால் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

பறவை எச்சமும் யூகலிப்டஸ் பிசினும் ஒட்டியிருந்தால், ஈரத்துணியை அந்த இடத்தில் சில நிமிடம் போர்த்தி வைத்து எடுக்க வேண்டும். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் விபூதியும் அப்படித்தான். காய்ந்த நிலையில் அவற்றைத் துணியால் துடைத்தால் கீறும், பல நாள் மழையில் விட்டால் வெள்ளைக் காரில் கறையாக ஓடும். பூசை முடிந்த மறுநாளே நிறைய நீர் விட்டு எடுத்துவிடுங்கள். சாமிக்கு வைத்ததைக் கழுவலாமா என்று தயங்குபவர்கள் அந்த நீரைச் செடியடியில் விடலாம்.

தூறல்தான் விழுகிறதே, அதுவே நுரையை அலசிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. தூறல் மேற்பரப்பிலுள்ள நுரையை மட்டும் இறக்கும். கண்ணாடி ரப்பர், கதவுப் பிடி, இலக்கத் தகடு ஆகியவற்றின் பின்னால் நிற்கும் சோப்பு பிறகு கோடாக வழியும். இரண்டு வாளி சுத்த நீரால் மேலிருந்து கீழாக அலசி முடித்த பிறகு பெய்யும் மழையால் தீங்கில்லை.

மழையில் துடைப்பது எதற்கு என்று கேட்பது நியாயமே. கூரையின் கீழே நிறுத்த வசதி இருந்தால் முழுவதையும் ஒற்றியெடுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் உடலை விட்டுவிட்டு, கதவின் உள்விளிம்புகள், ரப்பர்கள், டிக்கியின் பள்ளம், பெற்றோல் மூடியின் உட்புறம் ஆகியவற்றை மட்டும் துடைத்தால் போதும். மழை தொடாத இடங்கள் அவை. துடைத்தால் உலர்ந்தே இருக்கும், விட்டால் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். முன்கண்ணாடியையும் விளக்குகளையும் எந்த நிலையிலும் தவிர்க்கக் கூடாது. நானுஓயாவிலும் ஹப்புத்தளையிலும் மாலை மூடுபனி இறங்கும்போது எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் எண்ணெய்ப் படலம் படிந்த கண்ணாடியில் சிதறி, வீதி விளிம்பையே மறைத்துவிடுகிறது. கண்ணாடியை வெளியிலும் உள்ளிலும் சுத்தம் செய்து, வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் கறுப்பு வராத வரை துடைத்துவிடுங்கள்.

உள்ளே ஈரம் தங்கக் கூடாது. கால்மிதிகளை வெளியே எடுத்துத் தட்டி, கழுவி, வீட்டுக்குள் அல்லது அடுப்படிப் பக்கம் உலர்த்திய பிறகே திரும்பப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் சில நாட்களிலேயே பூஞ்சண வாடை வரும். அந்த வாடையை வாசனைத் திரவியத்தால் மறைப்பதில் பயனில்லை. ஓடும்போது குளிரூட்டியைச் சிறிது நேரம் போட்டு வைத்தால் உள்ளேயுள்ள ஈரத்தை அது இழுத்துவிடும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பின் இருக்கைக்கு அருகே பெரிய மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கிறது. அதன் மேல் ஈரத்துணியையோ நனைந்த பையையோ வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் தெளித்துக் கழுவவும் கூடாது.

மெழுகு பூசுவதற்கு உலர்ந்த உடல் வேண்டும் என்பதால், மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஏப்ரல் மாதத்துக் காலை வெயிலிலும், கிழக்குப் பக்கத்தார் செப்டெம்பரிலும் அதை முடித்து வைப்பது நல்லது. பூசியிருந்தால் மழைநீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். அது தட்டையாகப் பரவி நிற்கத் தொடங்கினால் மெழுகு தேய்ந்துவிட்டது என்று அறிந்து, ஈர உடலிலேயே தெளித்துத் துடைக்கக்கூடிய திரவ மெழுகை அடுத்த கழுவலில் பயன்படுத்தலாம். டயருக்குப் பளபளப்புத் தைலம் பூசுபவர்கள் பக்கச் சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; வீதியைத் தொடும் பகுதியில் அது பட்டால் ஈர இறக்கத்தில் சறுக்கும்.

கழுவி முடித்ததும் காரை அப்படியே ஹேண்ட் பிரேக் இழுத்து இரவு முழுவதும் நிறுத்தக் கூடாது. நனைந்த பிரேக் தட்டுகளில் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படரும். பின் சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள கார்களில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, காலையில் சக்கரம் அசைய மறுப்பதும் உண்டு. சமமான பாதையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் நான்கைந்து முறை பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்திவிட்டு, அதன் பின்னரே நிறுத்த வேண்டும். பிரேக் வழக்கம்போலப் பிடிக்கிறது என்று உறுதியாகும் வரை எந்த இறக்கத்திலும் காரை இறக்க வேண்டாம். திரும்பி வந்ததும், உடலைக் கழுவிய கையுறையையும் ரிம் துணியையும் வெவ்வேறாக அலசி, நூல்களுக்குள் மணல் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, மழைச்சாரல் படாத கொடியில் தனித்தனியாகக் காயப்போடுங்கள்.